நிலவின் காற்றும் கோளின் காந்தமும்

வியாழனின் நிலவுகளில் ஒன்றான அயோ, விநாடிக்கு ஏறக்குறைய 1,000 கிலோ வாயுவை இழந்துகொண்டே இருக்கிறது. கந்தகமும் ஆக்சிஜனும்தான் அதில் பெரும்பங்கு. இத்தனைக்கும் அயோவின் வளிமண்டலம் மிக மெல்லியது. அதன் அழுத்தம் பூமியின் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் சுமார் நூறு கோடியில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த வேகத்தில் இருக்கிற காற்றெல்லாம் சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அயோவின் எரிமலைகள் ஓயாமல் கந்தக டை ஆக்சைடைக் கக்குகின்றன. கக்கியது தரையில் உறைபனியாகப் படிகிறது. வெயில் பட்டதும் மறுபடி ஆவியாகி மேலே வருகிறது. சரி, வரவு புரிகிறது. போகிற காற்று எங்கே போகிறது?

அது வியாழனை விட்டு உடனே ஓடிவிடுவதில்லை. வியாழனின் காந்தப்புலம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்ட பிறகு, அந்தக் காற்றே வியாழனின் காந்த மண்டலத்தின், அதாவது அதன் காந்தப்புலம் ஆளும் வெளியின், உருவத்தை மாற்றிவிடுகிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. 'ராட்சதக் கோளின் காந்த மண்டலம் நிலவின் வளிமண்டலத்தை அரிக்கிறது' என்ற ஒற்றை வரியைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். அது பாதி உண்மை. நிலவு மூச்சு விடுவதால்தான் அந்தக் காந்த மண்டலமே இன்று நாம் காணும் நிலையில் இருக்கிறது என்பது மீதிப் பாதி.

பூமியை வைத்துக் காந்த மண்டலத்தைப் புரிந்துகொண்டவர்களுக்கு இது கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். இங்கே, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்று வெளியிலிருந்து வந்து மோதுகிறது. துருவ ஒளிக்கான ஆற்றல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. வியாழனிலும் சனியிலும் ஆற்றலைத் தருவது கோளின் சுழற்சி. பொருளைத் தருவது நிலவு. சூரியக் காற்றுக்கு அங்கே இரண்டாம் இடம்தான்.

பின்னாலிருந்து வரும் காற்று

முதலில் திசையைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அதன் காந்தப்புலமும் கூடவே சுழல்கிறது. அந்தப் புலத்தில் சிக்கிய அயனிகளும் எலக்ட்ரான்களும், அதாவது பிளாஸ்மா, அதோடு சேர்ந்து சுழல்கின்றன. அயோவோ வியாழனை ஒருமுறை சுற்றிவர 42 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அயோவின் வேகம் விநாடிக்கு 17 கிலோமீட்டர். அதே தொலைவில் காந்தப்புலத்தோடு சுழலும் பிளாஸ்மாவின் வேகம் விநாடிக்கு 74 கிலோமீட்டர். ஆகவே பிளாஸ்மா, விநாடிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் அயோவைப் பின்னாலிருந்து வந்து மோதி, தாண்டிப் போகிறது.

இதனால் ஒரு விசித்திரம். ஓட்டம் மோதிக் கலைந்த தடம் நிலவுக்குப் பின்னால் விழுவதில்லை. அது போகும் திசையிலேயே முன்னால் நீள்கிறது. வியாழனின் இன்னொரு நிலவான யூரோப்பா, சனியின் நிலவுகளான என்சலடஸ், டைட்டன் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். அடி வாங்குவது எப்போதும் நிலவின் பின்முகம். யூரோப்பாவின் பின்முகம் முன்முகத்தைவிடக் கருத்துச் சிவந்து கிடப்பதற்கு, அயோவிலிருந்து வந்த கந்தகம் அங்கே போய்ப் படிவது ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள்.

இப்போது அயோவின் காற்றில் இருக்கும் ஒரேயொரு ஆக்சிஜன் அணுவைப் பின்தொடர்வோம். அதற்கு மின்னேற்றம் இல்லாதவரை காந்தப்புலம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அயோவின் ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டு மேலும் கீழும் அலைந்துகொண்டிருக்கும். பிளாஸ்மாவிலிருந்து ஓர் எலக்ட்ரான் வந்து மோதி, அணுவின் எலக்ட்ரான் ஒன்றைப் பிய்த்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. அணு அயனியாகிவிட்டது. அதைக் கடந்து விநாடிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் காந்தப்புலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் காந்தப்புலம், நின்றுகொண்டிருக்கும் அயனியின் பார்வையில் ஒரு மின்புலம். அது அயனியை இழுக்கிறது. இழுத்த வேகத்தில் காந்தவிசை அதை வளைக்கிறது. அயனி காந்தக்கோட்டைச் சுற்றிச் சுழல ஆரம்பித்து, கோட்டோடு சேர்ந்து நகர்கிறது. சுழற்சியின் உச்சியில் அதன் வேகம் விநாடிக்கு 114 கிலோமீட்டர் வரை போகும், அடியில் பூஜ்யத்துக்கு வரும். சராசரி 57. அயோவின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்க விநாடிக்கு 2.5 கிலோமீட்டரே போதும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த அயனிக்குத் திரும்பி வரும் எண்ணமே இருக்காது என்பது புரியும்.

ஒரு ஆக்சிஜன் அயனிக்கு இந்த விதத்தில் கிடைக்கும் ஆற்றல் சுமார் 270 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு). எடையில் இரு மடங்கான கந்தக அயனிக்கு 540. இந்த ஆற்றலை யார் கொடுத்தது? வியாழனின் சுழற்சி கொடுத்தது. ஒவ்வொரு புதிய அயனியையும் தூக்கி வேகப்படுத்தும்போது வியாழன் மிகமிகச் சிறிய அளவு வேகம் குறைகிறது. அத்தனை பெரிய கோளுக்கு அது உறைக்காது, ஆனால் கணக்கு அங்கேதான் தீர்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வேகமாக வரும் ஓர் அயனி, நின்றுகொண்டிருக்கும் அணுவிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளலாம். பறித்தது மின்னேற்றம் இழந்து, அதே வேகத்தில் நேர்கோட்டில் பறந்துவிடும். இனி காந்தப்புலத்தால் அதைத் தடுக்க முடியாது. பறிகொடுத்தது புதிய அயனியாகிச் சுழற்சியில் மாட்டிக்கொள்ளும். துகள்களின் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் ஒன்று தப்பியது, ஒன்று சிக்கியது. வியாழனைச் சுற்றிப் பலநூறு வியாழ ஆரங்கள் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும் சோடியம் மேகம் இப்படி வீசியெறியப்பட்ட அணுக்களால் ஆனதுதான். சோடியம் அயோவின் காற்றில் அற்ப சொற்பம். ஆனாலும் அது மஞ்சள் ஒளியை அபாரமாகச் சிதறடிக்கும். அதனால்தான் 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் பிரவுன் அயோவின் நிறமாலையில் முதலில் கண்டது கந்தகத்தையோ ஆக்சிஜனையோ அல்ல, சோடியத்தை.

நாலு லட்சம் வோல்ட்

அயோவுக்கும் வியாழனுக்கும் ஏதோ மின் தொடர்பு இருக்கிறது என்பது, அயோவில் எரிமலை இருப்பது தெரிவதற்கு முன்பே தெரியும். 1955-ல் பர்க், ஃபிராங்க்ளின் இருவரும் வியாழனிலிருந்து ரேடியோ அலைகள் வெடிப்பு வெடிப்பாக வருவதைக் கண்டார்கள். 1964-ல் ஆஸ்திரேலியாவின் பிக், அந்த வெடிப்புகள் அயோ தன் பாதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வருகின்றன என்று காட்டினார். நம் நிலவைவிடக் கொஞ்சமே பெரிய ஒரு நிலவு, நாலு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோளின் ரேடியோ ஒலியை எப்படிக் கட்டுப்படுத்த முடியும்?

1969-ல் கோல்ட்ரைக், லிண்டன்-பெல் ஆகியோர் சொன்ன விடை: அயோ ஒரு மின்னாக்கி. கணக்கு எளிது. அயோ இருக்கும் இடத்தில் வியாழனின் காந்தப்புலம் ஏறக்குறைய 1,900 நானோ டெஸ்லா. அது விநாடிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மீட்டருக்குச் சுமார் 0.11 வோல்ட் மின்புலம் உண்டாகும். பார்க்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் அயோவின் விட்டம் 3,640 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் அயோவின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே நாலு லட்சம் வோல்ட்.

வோல்ட் இருந்தால் மட்டும் போதாது, மின்சாரம் ஓட ஒரு வழி வேண்டும். அவர்கள் அயோவின் உடலே மின்சாரத்தைக் கடத்தும் என்று வைத்துக்கொண்டார்கள். பாறையும் உறைபனியும் அவ்வளவு நல்ல கடத்தி இல்லை. 1973 டிசம்பரில் பயனியர் 10 விண்கலம் வியாழனைக் கடந்தபோது அதன் ரேடியோ சமிக்ஞை அயோவின் விளிம்பை உரசி வந்தது. அங்கே ஓர் அயனி மண்டலம், அதாவது காற்றில் அயனிகள் நிறைந்த அடுக்கு, இருப்பது தெரிந்தது. அதாவது மின்சாரத்தைக் கடத்துவது தரையல்ல, காற்று. பூமியின் காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு அழுத்தமுள்ள அந்தக் காற்றில் பல பத்து லட்சம் ஆம்பியர் ஓடுகிறது. வளிமண்டலம் அடி வாங்கும் வெறும் பொருள் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. காற்று இல்லாத அயோ ஓட்டத்தின் நடுவே ஒரு கல்லாகவே கிடந்திருக்கும்; இந்தச் சுற்றே மூடியிருக்காது.

ஆனால் 'சுற்று' என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். அயோவிலிருந்து வியாழனுக்கு நேராக இரண்டு கம்பி போட்டது போன்ற படம் பழைய புத்தகங்களில் இருக்கும். 1979 மார்ச்சில் வாயேஜர் 1, அந்தக் கற்பனைக் கம்பி ஓடும் இடத்தின் வழியாகப் போகும்படி திட்டமிட்டே அனுப்பப்பட்டது. மின்னோட்டம் எதிர்பார்த்த இடத்தில் இல்லை; ஓட்டத்தோடு தள்ளிப்போயிருந்தது. காரணம், பிளாஸ்மாவில் செய்தி போவதற்கும் நேரம் ஆகும். வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அதிர்வு தந்தி வழியே இரு முனைக்கும் ஓடுவது போல, அயோ காந்தக்கோட்டைத் தடுத்து வளைத்ததும் அந்த வளைவு கோட்டின் வழியே வடக்கும் தெற்கும் ஓடுகிறது. ஹான்ஸ் ஆல்வேன் 1942-ல் கணித்துச் சொன்ன அலை இதுதான். 1970-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அலை வியாழனுக்குப் போய்ச் சேரும் முன்பே காந்தக்கோடு அயோவைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே அயோவின் இருபுறமும் சாய்ந்த இரண்டு சிறகுகள் விரிகின்றன. ஆல்வேன் சிறகுகள் என்றே அவற்றுக்குப் பெயர்.

அந்தச் சிறகுகள் வியாழனின் மேல் வளிமண்டலத்தைத் தொடும் இடத்தில் எலக்ட்ரான்கள் கொட்டுகின்றன, வாயு ஒளிர்கிறது. 1993-ல் அகச்சிவப்புப் படங்களில் அந்த ஒளிப்புள்ளி முதலில் பிடிபட்டது. பின்பு ஹபிள் அதைப் புற ஊதாவில் தெளிவாகக் காட்டியது. யூரோப்பாவுக்கும் வியாழனின் மற்றொரு நிலவான கானிமீடுக்கும் இதே மாதிரி ஒளித்தடங்கள் இருப்பதையும் காட்டியது. வியாழன் தன் அச்சில் சுற்றிக்கொண்டே போக, அயோவின் தடம் மட்டும் கோளோடு சுற்றாமல் அயோவைத் தொடர்ந்தபடியே நிற்கும். ஒரு கோளின் வானில் நிலவொன்று தன் இருப்பிடத்தைத் தானே ஒளியால் குறித்துக்காட்டுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. 2016-ல் வியாழனைச் சென்றடைந்த ஜூனோ விண்கலம் அருகிலிருந்து எடுத்த படங்களில் இந்தத் தடம் ஒற்றைப் புள்ளியாக இல்லை. அடுத்தடுத்த பல சிறு சுழல்களாக நீள்கிறது. அலை போன வழியில் பிளாஸ்மாவின் அடர்த்தி மாறும் இடங்களில் முட்டித் திரும்பி, கலைந்து, பல கூறுகளாகப் பிரிவதன் அடையாளம் அது.

அயோவின் பக்கத்திலும் ஒளி உண்டு. வியாழனின் நிழலுக்குள் அயோ போகும்போது, கலிலியோ விண்கலம் 1998-ல் எடுத்த படத்தில், அயோ நீலம், சிவப்பு, பச்சை நிறங்களில் மங்கலாக ஒளிர்கிறது. வியாழனை நோக்கிய பக்கத்திலும் அதற்கு நேரெதிர்ப் பக்கத்திலும், நிலநடுக்கோட்டை ஒட்டி ஒளி அதிகம். மின்னோட்டம் காற்றுக்குள் நுழைந்து வெளியேறும் இடங்கள் அவை. வியாழனின் காந்த அச்சு சுமார் 10 பாகை சாய்ந்திருப்பதால், கோள் சுழலச் சுழல அந்த ஒளித்திட்டுகளும் மேலும் கீழும் ஆடுகின்றன.

காற்று காந்தத்தை ஊதிப் பெரிதாக்குகிறது

அயோ விட்ட காற்றெல்லாம் அதன் பாதையை ஒட்டி ஒரு வளையமாகச் சேர்கிறது. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2,000 எலக்ட்ரான்கள். கூடவே கந்தக, ஆக்சிஜன் அயனிகள். 1976-ல் இஸ்ரேலிய வானியலாளர்கள் பூமியிலிருந்தே கந்தக அயனியின் ஒளியைக் கண்டுவிட்டார்கள். வாயேஜர் போனபோது, இந்த வளையம் புற ஊதாவில் மட்டும் ஒரு லட்சம் கோடி வாட்டுக்கு மேல் ஒளிவீசுவது தெரிந்தது.

வளையம் அப்படியே நிற்பதில்லை. சுழலும் பிளாஸ்மாவை மையவிலக்கு வெளியே தள்ளுகிறது. அது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே நகர்கிறது. நகர நகர, வியாழனோடு ஒரே நேரத்தில் சுற்றி முடிக்க அது மேலும் மேலும் வேகம் எடுக்க வேண்டும். அந்த வேகத்தைக் கொடுப்பது வியாழனின் மேல் வளிமண்டலம், காந்தக்கோடு வழியே ஓடும் மின்னோட்டத்தின் மூலம். ஒரு கட்டத்தில், ஏறக்குறைய 20 முதல் 30 வியாழ ஆரங்களுக்கு அப்பால், தாக்குப்பிடிக்க முடிவதில்லை. பிளாஸ்மா பின்தங்க ஆரம்பிக்கிறது. வியாழனின் துருவங்களில் நிரந்தரமாக எரியும் பெரிய ஒளிவளையத்துக்கு இந்தப் பின்தங்கலே காரணம் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் விளக்கம். ஜூனோவின் அளவீடுகள் அந்த விளக்கத்தைச் சிக்கலாக்கியிருக்கின்றன, ஆனாலும் அயோவின் பொருள்தான் மூலம் என்பதை அவை அசைக்கவில்லை.

வெளியே தள்ளப்பட்ட பிளாஸ்மா காந்தப்புலத்தையும் உள்ளிருந்து தள்ளிப் பெரிதாக்குகிறது. வியாழனின் காந்த மண்டலம் சூரியன் இருக்கும் பக்கத்தில் சில சமயம் 70 லட்சம் கிலோமீட்டர் வரை நீள்கிறது. மறுபக்கத்து வால் சனியின் பாதை வரைகூடப் போகிறது. கண்ணுக்குத் தெரியக்கூடியதாக இருந்தால், பூமியின் வானில் முழுநிலவைவிடப் பெரிதாகத் தெரியும். இந்தப் பருமனில் ஒரு கணிசமான பங்கு, விநாடிக்கு ஒரு டன் என்று அயோ விட்ட காற்றால் வந்தது.

அயோ இதனால் கரைந்துபோய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. 450 கோடி ஆண்டுகளாக இதே வேகத்தில் இழந்திருந்தாலும் அயோவின் நிறையில் ஐநூறில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது. கவலை வேண்டாம்.

பனி நிலவைக் காட்டிக்கொடுத்த காந்தமானி

சனிக்குப் போனால், இதே இயற்பியல் ஒரு கண்டுபிடிப்புக் கருவியாகவே மாறியதைப் பார்க்கலாம். என்சலடஸ் 500 கிலோமீட்டர் விட்டமுள்ள வெள்ளைப் பனி நிலவு. அதன் ஈர்ப்பு, காற்றைப் பிடித்து வைக்கும் அளவுக்கு இல்லை. 2005 பிப்ரவரியில் காசினி விண்கலம் அதைக் கடந்தபோது, படங்களில் வழவழப்பான பனித்தரைதான் தெரிந்தது. ஆனால் காந்தமானியில் ஓர் உறுத்தல் இருந்தது. சனியின் காந்தக்கோடுகள் என்சலடஸைச் சுற்றி, ஏதோ தடங்கலில் மாட்டியது போல வளைந்து போர்த்தியிருந்தன. வெறும் பனிக்கட்டி அப்படிச் செய்யாது; பிளாஸ்மா அதில் மோதி உறிஞ்சப்படும், காந்தக்கோடுகள் பெரிய சலனம் இல்லாமல் தாண்டிப் போகும். வளைக்க வேண்டுமென்றால் அங்கே அயனியாகக்கூடிய வாயு இருக்க வேண்டும். மார்ச்சில் மறுபடி கடந்தபோதும் அதே அறிகுறி.

காந்தமானிக் குழுவின் தலைவர் மிஷெல் டகர்ட்டி, அடுத்த முறை விண்கலத்தை இன்னும் அருகில் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார். பல நூறு கோடி டாலர் பெறுமானமுள்ள கலத்தின் பாதையை, காந்தமானியில் தெரிந்த ஒரு வளைவை நம்பி மாற்றச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. மாற்றினார்கள். 2005 ஜூலை 14-ல் காசினி 173 கிலோமீட்டர் உயரத்தில் தென்பகுதியைக் கடந்தது. தென்துருவத்தில் பிளவுகள் சூடாக இருந்தன; அங்கிருந்து நீராவி பீறிட்டுக்கொண்டிருந்தது. சனியின் காந்த மண்டலம் முழுதும் நீர் சார்ந்த அயனிகளால் நிறைந்திருப்பதற்குக் காரணமும் கிடைத்தது. வியாழனில் அயோ செய்யும் வேலையைச் சனியில் இந்தச் சின்னஞ்சிறு நிலவு செய்கிறது. 2011-ல் என்சலடஸின் தடமும் சனியின் துருவ ஒளியில் அடையாளம் காணப்பட்டது, மங்கலாக, விட்டுவிட்டு.

அதுவரை அந்த இடத்தில் எதிர்பார்க்கப்பட்டது டைட்டன். நியாயமான எதிர்பார்ப்புதான். டைட்டனின் தரையில் காற்றழுத்தம் பூமியைவிட ஒன்றரை மடங்கு; பெரும்பாலும் நைட்ரஜன். இவ்வளவு காற்று வைத்திருக்கும் நிலவு காந்த மண்டலத்தை நைட்ரஜனால் நிரப்பியிருக்க வேண்டாமா? காசினி போய்ப் பார்த்தபோது நைட்ரஜன் வளையம் இல்லை. டைட்டனின் ஈர்ப்பு அயோவைவிடக் குறைவுதான். இருந்தும் காந்த மண்டலம் அதனிடமிருந்து பறிப்பது, காசினி அளவீடுகளின்படி, நாளொன்றுக்குச் சில டன்கள் என்ற அளவில்தான். அயோ ஒரு நாளில் இழப்பது 86,000 டன்னுக்கு மேல்.

ஏன் இந்த வித்தியாசம்? டைட்டன் சனியிலிருந்து 12 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, காந்த மண்டலத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே காந்தப்புலம் வெறும் 5 நானோ டெஸ்லா அளவு. முன்பு நாம் பின்தொடர்ந்த அயனியை இங்கேயும் கொண்டுவருவோம். அயோவின் காற்றில் பிறக்கும் கந்தக டை ஆக்சைடு அயனி, காந்தக்கோட்டைச் சுற்றிப் போடும் வட்டத்தின் ஆரம் 20 கிலோமீட்டர் சொச்சம். டைட்டனின் உச்சியில் பிறக்கும் நைட்ரஜன் மூலக்கூறு அயனி, விநாடிக்கு 120 கிலோமீட்டர் ஓட்டத்தில், போடும் வட்டத்தின் ஆரம் சுமார் 7,000 கிலோமீட்டர். டைட்டனின் ஆரமே 2,575 கிலோமீட்டர்தான். வட்டம் நிலவைவிடப் பெரிது! அதனால் ஒரு பக்கத்தில் பிறந்த அயனி அகலமாக வளைந்து வெளியே போய்விடும். மறுபக்கத்தில் பிறந்தது வளைந்து டைட்டனின் காற்றுக்குள்ளேயே வந்து விழும். டைட்டனின் தடம் ஒரு பக்கம் வீங்கிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம், ஓரத்தில் இருப்பதில் இன்னொரு விளைவு. சூரியக் காற்று பலமாக அழுத்தும்போது சனியின் காந்த மண்டலம் சுருங்கி, டைட்டன் வெளியே மாட்டிக்கொள்கிறது. 2007 ஜூன் 13-ல் காசினி கடந்தபோது அதுதான் நடந்தது. ஆனால் டைட்டனின் அயனி மண்டலத்துக்குள் அளந்தபோது, வெளியே இருந்த புலத்துக்குப் பொருந்தாத திசையில் காந்தக்கோடுகள் கிடந்தன. அவை சனியுடையவை, டைட்டன் உள்ளே இருந்தபோது காற்றில் அமிழ்ந்து சிக்கிக்கொண்டவை. அடர்ந்த அயனி மண்டலத்தில் ஓட்டம் ஊர்ந்து போகும் அளவுக்குத் தளர்ந்துவிடுவதால், காந்தக்கோடுகள் கழன்று போக நேரம் எடுக்கிறது. வெளியே சூழல் மாறிவிட்டது. உள்ளே, ஏறக்குறைய மூன்று மணி நேரம் வரைகூடப் பழைய புலம் தங்குகிறது. 2013 டிசம்பரில் காசினி கடந்தபோது டைட்டன் நேரடிச் சூரியக் காற்றிலேயே நின்றிருந்தது.

பறிப்பதோடு காந்த மண்டலம் கொடுக்கவும் செய்கிறது. டைட்டனின் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 50 பங்கு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நைட்ரஜனும் மீத்தேனும் மட்டும் கொண்ட காற்றில் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்பது நெடுநாள் புதிர். மேலிருந்து விழும் ஆக்சிஜன் அயனிகளைக் காசினி பதிவு செய்தது. கணினி மாதிரிகளில் அவற்றைச் சேர்த்ததும் கணக்கு நேரானது. என்சலடஸின் பிளவுகளில் பீறிட்ட நீர், உடைந்து அயனியாகி, சனியின் காந்தப்புலத்தில் பத்து லட்சம் கிலோமீட்டர் கடந்து, டைட்டனின் வானில் விழுந்து கார்பனோடு சேர்கிறது. ஒரு நிலவின் கடல் இன்னொரு நிலவின் வளிமண்டல வேதியியலை நிர்ணயிக்கிறது. சூரிய மண்டலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பயணம் இது. டைட்டனின் தரைக்கு மேல் சுமார் 950 கிலோமீட்டரில், எலக்ட்ரான்களை அளக்கப் போன காசினியின் கருவி, ஹைட்ரஜன் அணுவைப் போல 10,000 மடங்கு வரை எடையுள்ள எதிர்மின் அயனிகளைக் கண்டது. டைட்டனின் ஆரஞ்சு மூட்டத்தின் விதைகள் அவை. அவை உருவாகச் சூரியனின் புற ஊதா ஒளிதான் அங்கே முதன்மைக் காரணம். இரவுப் பக்கத்தில் காந்த மண்டல எலக்ட்ரான்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன.

நெப்டியூனின் டிரைட்டனைப் பற்றி நமக்கு இருப்பதெல்லாம் 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 கடந்து போனபோது எடுத்த அளவீடுகள். பூமியில் ஒரு லட்சத்தில் ஒன்றரைப் பங்கு காற்றழுத்தமுள்ள அந்த நிலவில், எதிர்பாராத அளவு அடர்ந்த அயனி மண்டலம் இருந்தது. சூரியன் அத்தனை மங்கலாகத் தெரியும் இடத்தில் வெயில் மட்டும் அதைச் செய்திருக்க முடியாது, நெப்டியூனின் எலக்ட்ரான்களும் காரணம் என்பது பலரின் விளக்கம். நெப்டியூனின் காந்த அச்சு 47 பாகை சாய்ந்தது. டிரைட்டன் கோளின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. இங்கே மட்டும் பிளாஸ்மா எதிரே வந்து மோதுகிறது.

காந்த மண்டலமே உண்டாக்கிய காற்று

யூரோப்பாவை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அதற்கு எரிமலை இல்லை, டைட்டன் மாதிரி ஆதிக் காற்றும் இல்லை. ஆனாலும் 1995-ல் ஹபிள் அங்கே மெல்லிய ஆக்சிஜன் வளிமண்டலத்தைக் கண்டது. அதை உண்டாக்குவது வியாழனின் காந்த மண்டலமே. வேகமான அயனிகளும் எலக்ட்ரான்களும் பனியில் மோதி நீர் மூலக்கூறுகளை உடைக்கின்றன. லேசான ஹைட்ரஜன் தப்பிவிடுகிறது, ஆக்சிஜன் தங்குகிறது. 2022 செப்டம்பர் 29-ல் அருகில் கடந்த ஜூனோவின் அளவீடுகளிலிருந்து, விநாடிக்குச் சுமார் 12 கிலோ ஆக்சிஜன் இப்படி உண்டாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். முந்தைய மதிப்பீடுகள் ஒரு சில கிலோவிலிருந்து 1,000 கிலோ வரை பரந்து கிடந்தன. பனிக்கடியில் இருக்கும் கடலுக்கு எவ்வளவு ஆக்சிஜன் இறங்க முடியும், அங்கே உயிருக்கு உணவாகும் வேதியியலுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு இந்த எண் நேரடியாகத் தேவை. யூரோப்பாவின் பனியை உடைக்கும் அயனிகளில் பெரும்பகுதி, அயோவின் காற்றாக இருந்தவை. அயோ இழந்தது இங்கே இன்னொரு வளிமண்டலத்தை உண்டாக்குகிறது.

அந்தக் கடல் இருப்பதற்கான வலுவான சான்றும் காந்தமானியிலிருந்தே வந்தது. வியாழனின் புலம் யூரோப்பாவில் சுமார் 11 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறி மாறி ஆடுகிறது. உப்புக்கடல் அதற்குப் பதிலாகத் தன்னுள் மின்னோட்டத்தைத் தூண்டி எதிர்ப்புலம் காட்டுகிறது. கலிலியோ விண்கலம் அதை அளந்தது. சிக்கல் என்னவென்றால், யூரோப்பாவின் மெல்லிய காற்றில் ஓடும் மின்னோட்டமும் புலத்தை வளைக்கிறது. கடலின் ஆழத்தையும் உப்பையும் கணிக்க வேண்டுமானால் காற்றின் பங்கைத் துல்லியமாகக் கழித்தாக வேண்டும். எதிர்த்திசையிலும் இது பொருந்தும்: 2018-ல் ஒரு குழு, 1997 டிசம்பரில் கலிலியோ எடுத்த பழைய காந்தப் பதிவைத் திரும்ப எடுத்து, அதிலுள்ள சிறு வளைவு ஒரு நீராவிப் பீறலைக் காட்டுவதாக வாதிட்டது. என்சலடஸில் பலித்த அதே தர்க்கம். இங்கே விவாதம் இன்னும் முடியவில்லை.

2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030-ல் வியாழனைச் சேரும். அதில் ஒரு காந்தமானி இருக்கிறது. அதோடு, யூரோப்பாவைச் சுற்றியுள்ள பிளாஸ்மாவின் அடர்த்தியையும் ஓட்டத்தையும் அளக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. கடலின் குரலிலிருந்து காற்றின் குரலைக் கழித்துப் பார்ப்பது அந்த இரண்டாவது கருவியின் முக்கிய வேலை. 2023 ஏப்ரலில் கிளம்பிய ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2031-ல் அங்கே சேர்ந்து, பின்பு கானிமீடைச் சுற்றத் தொடங்கும். கானிமீடுக்குச் சொந்தமாகவே காந்தப்புலம் உண்டு, 1996-ல் கலிலியோ கண்டுபிடித்தது. வியாழனின் துகள்கள் அதன் துருவப் பகுதிகளில் மட்டுமே எளிதாக இறங்க முடியும். நிலநடுக்கோட்டுப் பகுதியைச் சொந்தப் புலம் பெருமளவு மறைத்துக்கொள்கிறது. ஒரே பனி, ஒரே காந்த மண்டலம், ஆனால் ஒரே நிலவில் அடி விழும் இடமும் விழாத இடமும் பக்கத்தில் பக்கத்தில். காற்று எங்கே, எவ்வளவு, எதனால் உண்டாகிறது என்பதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் சூரிய மண்டலத்தில் கிடையாது.